ஆறாவது கை

பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த ஆக்சிலியா, செருப்பைக் கழற்றும் முன்பே குடிலைப் பார்த்துவிட்டாள். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. கம்பைநல்லூரில் அவர்கள் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு குடில் எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா ராஜமேரியும் முன்னறையில் வைக்கோல் பரப்பி, மாட்டுக் கொட்டில் கட்டி, பஞ்சைப் பிய்த்துப் பனி தூவி, சீரியல் பல்பு சுற்றியிருந்தாள். கொட்டிலின் முகட்டில் ஜிகினா மினுங்க ஒரு நட்சத்திரம். காகிதத்தில் வெட்டியது இல்லை அது. தீக்குச்சி நீளத்தில் முள்முள்ளாய் வளைந்த கைகள்.

அந்தக் கைகளை ஆக்சிலியாவுக்குத் தெரியும்.

"அம்மா, இத எங்கிருந்து எடுத்த?"

"போன தடவ நீ வெச்சிட்டுப் போன பையில இருந்துதான் கண்ணு. எப்பிடி இருக்குது? இந்த வருசம் பரிசு நம்ம வூட்டுக்குத்தான்."

ஆக்சிலியா அப்படியே வைக்கோல் ஓரம் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கடல் உயிர்களைப் படிக்கிறவள். கடலே இல்லாத தர்மபுரியில் பிறந்துவிட்டு அந்தப் படிப்பு எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. தூத்துக்குடிப் பக்கம் வலையில் சிக்கிய கடற்பஞ்சுகளைப் பிளந்து பிளந்து, உள்ளே ஒளிந்திருக்கும் நொறுங்கு நட்சத்திரங்களைப் பொறுக்குவதுதான் அவள் வேலை. நட்சத்திர மீனுக்குப் பங்காளி முறை அது. நடுவில் துவரம்பருப்பு அகலத்துக்கு வட்ட உடம்பு, சுற்றிலும் கைகள். பிடித்தால் கையை உதிர்த்துவிட்டு ஓடிவிடும்.

அதில் ஓபியாக்டிஸ் என்று ஒரு பேரினம். கேளுங்கள் கண்ணுகளா, அதில் ஏற்கெனவே பெயர் வைத்த ஓர் இனத்தின் பிழைப்பே வேடிக்கைதான். சின்னதாக இருக்கும்போது ஆறு கை. உடம்பை நடுவில் பிளந்துகொண்டு ஒன்று இரண்டாகிவிடும். பாதிக்கு மூன்று கை. மிச்சம் மூன்று மெதுவாக முளைக்கும். அதனால் மூன்று நீளமாயும் மூன்று குட்டையாயும் இருக்கும். பெரிதாக வளர்ந்ததும் பிளப்பதை நிறுத்திவிட்டு, பெரும்பாலும் ஐந்து கையோடு காலத்தை ஓட்டும்.

ஆக்சிலியாவுக்குக் கிடைத்த ஒன்று மட்டும் முழுதாய் வளர்ந்திருந்தது. ஆறு கை, ஆறும் ஒரே நீளம். பிளந்த தழும்பு எங்கும் இல்லை. வாய்க்குள் பல்லின் ஓரத்தில் இருக்கும் சிறு மொட்டுகளும் வேறு மாதிரி. இது பிளக்காத இனம், இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்றாள் அவள். அவளுடைய கைடு நம்பவில்லை. போட்டோவை நீட்டினாலும், "போட்டோவில என்ன வேணாலும் காட்டலாம்மா" என்றார். கொல்கத்தாவில் இதைப் பார்த்துச் சொல்லக்கூடிய வல்லுநர், நேரில் கொண்டு வா, கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தார். பண்டிகை முடிந்ததும் ரயில். அவர் ஆமாம் என்றால்தான் அவளுடைய ஆராய்ச்சி நிலைக்கும். இல்லாவிட்டால் இத்தனை வருடப் பாடும் தண்ணீரோடு போச்சு.

"ஆறு கை இருந்துச்சேம்மா?"

"அதான் கண்ணு. பக்கத்து வூட்டு செல்லம்மா வந்து பாத்துட்டு, என்னக்கா, குடிலு மேல ஆறு மூலை முருகன் சக்கரத்த வெச்சிருக்கிறன்னு ஒரே சிரிப்பு. நம்ம ஸ்டாருக்கு அஞ்சு மூலைதான? ஒண்ண கிள்ளுனேன். தொட்டதும் வந்துடுச்சி. கூடவே உடம்புலயும் ஒரு துண்டு பிஞ்சிடுச்சி. ஓட்டை தெரியாம ஜிகினா வெச்சி அமுக்கிட்டேன்."

"அந்தக் கை எங்க?"

"கூட்டி அடுப்புல போட்டேன்."

ஆக்சிலியா நட்சத்திரத்தை அசைத்துப் பார்த்தாள். வாய்ப்பக்கம் முழுக்கப் பசை. பல்லும் மொட்டும் எல்லாம் பசைக்கடியில் கல்லாகிவிட்டிருந்தன.

"கெட்டுப்போகாம பாட்டில்ல ஸ்பிரிட்டுல போட்டு வெச்சிருந்தத ஏம்மா எடுத்த?"

ராஜமேரியின் முகம் மாறியது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மூடியத் தொறந்தேன், சாராய வாடை அடிச்சுது. உங்கண்ணன் அந்த ஆஸ்பத்திரியில இருந்து வந்து எத்தினி நாளு ஆவுது? அவன் கண்ணுல பட்டா? கண்ண மூடிட்டு சாக்கடை மோரியில ஊத்திட்டேன். நீ என்ன திட்டு, பரவால்ல."

எப்படித் திட்டுவாள்? அப்பாவின் உயிர் போனதும் அந்த வாடையில்தான்.

அண்ணன் அமல்தாஸ் எல்லாவற்றையும் கதவருகில் நின்று கேட்டிருக்கிறான்.

"நான் குடிச்சிட்டுத் திரிஞ்ச வரைக்கும் உன் சாமான்ல யாரும் கை வெக்கல பாப்பா. நான் திருந்துனதுக்கு தண்டம் நீ கட்டுற."

சிரிக்கத்தான் சொன்னான்.

ஆக்சிலியா கைடுக்கு வீடியோ கால் போட்டு நட்சத்திரத்தைக் காட்டினாள். நடந்ததையும் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உடம்பு ஒரு பக்கம் பிஞ்சிருக்கே. நான் அப்பவே சொன்னேன், பிளக்கிற சாதிதான் இதுவும்னு."

"சார், அது எங்கம்மா கிள்ளினது."

"கொல்கத்தாவுல போயி எங்கம்மா கிள்ளிட்டாங்கன்னு சொல்வியா? பழைய இனத்தோட பேரையே போட்டு அத்தியாயத்த முடிம்மா."

அவர் குரலில் கோபமில்லை. ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பரிசுக்குக் குடில் பார்க்கப் பங்குக் கோயிலிலிருந்து இளையோர் வந்தார்கள். அதற்குள் அமல்தாஸ் அம்மாவிடம் விவரம் சொல்லியிருந்தான். அவளுக்கு முழுக்கப் புரிந்ததோ என்னவோ, மகளின் படிப்பில் கை வைத்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது. அழுது வீங்கிய முகத்தைக் கழுவி, பட்டுச்சேலை கட்டி, குடிலுக்குப் பக்கத்தில் குற்றவாளி போல நின்றாள்.

"நெசமான கடல் ஸ்டாரா?" பிளசி என்ற பெண் செல்போனைக் கொட்டிலின் மேல் நீட்டி வீடியோ எடுத்தாள். "சூப்பருங்க பெரியம்மா! அக்கா, நீங்கதான கண்டுபிடிச்சீங்க? சொல்லுங்க, இதுக்கு எப்பவுமே அஞ்சு கைதானுங்களா?"

அம்மா மகளைப் பார்த்தாள். இத்தனை சனத்துக்கு நடுவில் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. ஆறு என்று சொன்னால் பின்னாலேயே அடுப்பும் வரும், சாராயமும் வரும், அண்ணன் போய்வந்த ஆஸ்பத்திரியும் வரும். போன் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"ஆமா," என்றாள் ஆக்சிலியா. "அஞ்சுதான்."

"பாத்தீங்களா," பிளசி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், "ஆண்டவரு படைப்புல ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு கொறைவும் இல்ல!"

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் ஆக்சிலியாவும் தட்டினாள்.