பாட்டு ஏறாத நாலு நொடி

திரையில் வடிவு பேசிக்கொண்டேயிருக்கிறாள், உதடு மூடித் திறக்கிறது, சத்தம் மட்டும் இல்லை, சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ பாடுகிறார்கள், யாரோ என்ன யாரோ, அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து அவள் பேச்சின்மேல் ஏற்றியதே புருஷன் நம்பிராஜன்தான், தென்காசியில் முப்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர், கேமரா பிடித்த சத்தத்தை மொத்தமாக அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றுவதுதான் தொழில் சுத்தம், சனங்கள் பேசுவதை யார் கேட்கப்போகிறார்கள், பாத்திரச் சத்தமும் பிள்ளை அழுகையும்தானே என்பார், ஊரார் வீட்டுக்குச் செய்ததைப் பெருமையாகத் தன் வீட்டுக்கும் செய்துவைத்தார், இப்போது தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

தை மாசம் வடிவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், குரல்வளையை எடுத்தாயிற்று, உயிர் பிழைத்தாள், பேச்சு போயிற்று, ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விடாமல் பேசினாளே, கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது, தயிருக்கு எவ்வளவு உறை ஊற்ற வேண்டும், அதைப் போனில் பதிந்துவைக்கக்கூடத் தோன்றவில்லை இந்த வீடியோக்காரருக்கு. புனேயில் இருக்கும் மகள் சிவகாமிக்கு இது ஏழாம் மாதம், பொறக்கப்போற பிள்ளைக்கு அம்மா குரல் ஒரு வரியாவது வேணும்ப்பா, பழைய சிடியில தேடிப் பாருங்க என்றாள், பழைய சிடி கோப்புகள் எதிலும் ஓட மறுக்கின்றன என்பதால் போன முறை வந்தபோது அவளே பென் டிரைவில் ஒரு சின்ன மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தாள், இன்ஸ்டால் செய்யும் வேலையே இல்லை, செருகித் திறந்து, கோப்பை இழுத்துப் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கினால் போனில் ஓடுகிறபடி மாற்றித் தரும். நாலு நாளாக இழுத்துப் போடுகிறார், காதுகுத்து, பாட்டு, சடங்கு, பாட்டு, குற்றாலம் போனது, அதற்கும் பாட்டு, ஓரிடத்திலாவது கை தவறியிருக்கக் கூடாதா என்று தன் வேலையின் சுத்தத்தைத் தானே சபிக்கிறார், பச்சைக் கோடு ஊர்கிறது, கண் சொக்குகிறது, சொக்கினால் அடுப்படியிலிருந்து வடிவு கூப்பிடுகிறாள், இந்தா வாரேன் என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறார், விழித்தால் அவள் பக்கத்தில் நிற்கிறாள், கழுத்தில் வெள்ளைத் துணி, காப்பி டம்ளரை மேஜையில் லொட்டென்று வைக்கிறாள், இப்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

கடைசிக் கோப்பு புது வீட்டில் பால் காய்ச்சியது, அதில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க நாலு நொடி பிந்துகிறது, அந்த நாலு நொடியை மட்டும் அழிக்க மறந்திருக்கிறார், பால் செம்போடு திரும்புகிற வடிவு, ஏங்க, நான் ஏதும் சொல்லணுமா என்கிறாள், லேசாகக் கரகரத்த அதே குரல், உடனே கேமராவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல், ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா சிரி, அது அவருடைய குரல்தான், அவள் சிரித்தாள், சிரித்துவிட்டு ஏதோ சொல்லத் தொடங்கினாள், அதற்குள் பாட்டு ஏறிவிட்டது.

தன் குரலை வெட்டிவிடலாமா என்று பார்த்தார், வெட்டினால் மிஞ்சுவது என்ன இருக்கிறது, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அப்படியே அனுப்பினார். சிவகாமியிடமிருந்து பதில் வந்தது, அழுதிருந்தாள் போல, மூக்கடைத்த குரல், பத்து தடவ கேட்டுட்டேம்ப்பா, சிரிச்ச பெறகு அம்மா என்னமோ சொல்றாங்களே, என்னன்னு அவங்ககிட்டயே கேட்டுச் சொல்லுங்க. அவர் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை, வடிவு ஏற்கெனவே போனை வாங்கி முகத்தருகே பிடித்துத் தன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், மறுபடி ஓடவிட்டாள், திரையில் அசைகிறபடியே தானும் அசைத்துப் பார்த்தாள், இன்னொரு முறை மெதுவாக அசைத்தாள், பிறகு போனை அவரிடம் கொடுத்துவிட்டு, தெரியவில்லை என்று கையை விரித்தாள்.