கச்சேரி முடிஞ்சதும் போ

1

இந்தக் கதையை ஆன்மேரிதான் எழுதச் சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். அதை மீறாமல்தான் எழுதத் தொடங்கினேன்.

அவள் என்னோடு படித்தவள். யாங்கூனில், தாமுவே பகுதியில் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். தம்பி தேவநேசனைத் தாய்போல் வளர்த்தாள். (தேய்ந்துபோன சொல். பெற்றோர் போனபின் அவனுக்குச் சோறு போட்டாள், அடித்தாள், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவைப் பழக்கினாள்.)

2

முதல் தொடக்கம்: 'இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் வியன்னாவில் ஜி மைனரில் எழுதப்பட்ட அந்த குவார்டெட், பியானோ, வயலின், வயோலா, செல்லோ என்று நான்கு...'

அடித்துவிட்டேன். கட்டுரைபோல் இருந்தது.

இரண்டாவது: 'லத்தா கடைத்தெருவில் வயோலாவுக்குத் தந்தி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்த தேவநேசனைச் சிப்பாய்கள் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்.'

இது நடந்தது. ஆனால் வாசகர் கேட்பார்: கட்டாய ராணுவச் சேவை அறிவித்ததும் அவன் வயதுக்காரர்கள் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்களே, இவன் மட்டும் ஏன் யாங்கூனில் இருந்தான்?

அதைச் சொல்லக்கூடாது என்பதுதான் நிபந்தனை.

3

எழுதியதை ஆன்மேரிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவன் ஏன் போகலேன்னு இதுல இல்லையே" என்றாள்.

"நீதானே வேணாம்னே."

பிறகு சொன்னாள்: "தாய்லாந்து போக எல்லாம் பேசி வெச்சிருந்தான், மஞ்சு. நான்தான் அந்த குவார்டெட் கச்சேரி முடிஞ்சதும் போடான்னேன். இந்த ஊர்ல வயோலாவுக்கு வேற யாரைத் தேடுவேன்? எவ்வளவு வருஷத்து ஆசை..."

"எழுதட்டுமா?"

"எழுது. இல்லாட்டி அவனை முட்டாள்னு நெனைப்பாங்க. அவன் முட்டாள் இல்லே."

4

கச்சேரி நடந்தது.

வயலின் வாசிக்கும் ருக்சார் வேண்டாம் என்றாள். செல்லோக்காரர் கோ தெட், "தள்ளிவைப்போம், சயாமா" என்றார், டீச்சரைக் கூப்பிடும் பர்மியச் சொல்லில். ஆன்மேரி கேட்கவில்லை.

"இதுக்காகத்தானே இருந்தான். வாசிக்காம விட்டா, எதுக்கு இருந்தான்?"

மாதா கோயில் மண்டபத்தில் மூவர் உட்கார்ந்தார்கள். முதல் வரியை நால்வரும் ஒரே குரலாக வாசிக்க வேண்டும், மூவர் வாசித்தார்கள். சிலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. இரண்டாம் பகுதியில், மெதுவான இடத்தில், ஆன்மேரி கைகளை எடுத்துக்கொண்டாள். மற்ற இருவரும் கொஞ்சதூரம் போய் நின்றார்கள். யாரும் கை தட்டவில்லை.

[இங்கே 'அவள் அழுதாள்' என்று எழுதியிருந்தேன். அழவில்லை. நாற்காலிகளை மடக்கி அடுக்கினாள்.]

5

பயிற்சி முகாமிலிருந்து அவன் ஒருமுறை போன் செய்தான்.

"கச்சேரி நல்லா வந்துச்சா, அக்கா?"

"நல்லா வந்துச்சுடா."

அதன்பிறகு சண்டை நடக்கும் பக்கம் அனுப்பிவிட்டதாகக் கேள்வி. மழைக்காலம் வந்து போய்விட்டது. போன் இல்லை.

அவன் திரும்பி வருவதாக ஒரு முடிவு எழுதினேன். 'ஒரு காலையில் கதவைத்' என்பதற்குமேல் கை ஓடவில்லை. வராததாக எழுதியதை அன்றே கிழித்துப்போட்டேன். அந்த குவார்டெட்டின் கடைசிப் பகுதி சோகமான மைனரை விட்டு மேஜருக்கு மாறிச் சந்தோஷமாகவே முடிகிறது. "அதை எழுதினவர் முடிச்சாரே, உனக்கு என்ன கஷ்டம்?" என்று ஆன்மேரி கேட்கிறாள். பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

என்னால் முடியவில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதுங்கள். எதை எழுதினாலும் சரி. ஆனால் அதை அவளுக்கு எதிரில் உட்கார்ந்து நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.