தடுப்புக்கு அந்தப் பக்கம்

மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் எல்லோரும் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அடித்தளக் கார் நிறுத்தத்துக்குள் இறங்கினார்கள். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் நாற்பது மாடிக் குடியிருப்பு அது. கார்கள் இறங்கும் சரிவின் வாயிலில் வெள்ளத் தடுப்பு பொருத்துவதுதான் வேலை. சாதாரண நாளில் இரும்புப் பலகை தரையோடு தரையாகப் படுத்திருக்கும், கார்கள் அதன்மேல் ஏறிப்போகும். வெள்ளம் வந்தால் எழுந்து நின்று வாயிலை அடைத்துக்கொள்ளும். இன்று அதற்குப் பரிசோதனை.

மழை இன்னும் விழவில்லை. எங்கோ தூரத்தில் மின்னினாலும் இங்கே வேலையை நிறுத்தியாக வேண்டும். சிங்கப்பூரில் மேகத்துக்கும் மேற்பார்வையாளர் உண்டு என்று முத்துராமன் முன்பெல்லாம் கேலி செய்வான். பன்னிரண்டு நாளாக அவன் எதையும் கேலி செய்யவில்லை. சக்கரம் முட்டும் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து, ஊரிலிருந்து தங்கை சரசு அனுப்பியிருந்த குரல் பதிவைக் காதில் வைத்துக் கேட்டான்.

"இன்னிக்கும் பேசலண்ணே. சோறு குடுத்தா சாப்புடுது. கூப்புட்டா திரும்பிப் பாக்குது. வாயத்தான் தெறக்க மாட்டேங்குது."

இனியாவுக்கு எட்டு வயது. அவன் மகள்.

நடந்தது இவ்வளவுதான். புயலுக்கு முதல் நாள், கடலோரத்து ஆட்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி ஆட்டோவில் அறிவித்தார்கள். போகலாமா என்று மனைவி யாமினி போனில் கேட்டாள். "நம்மளுது கான்கிரீட்டு வீடு. ரோட்டுக்கு மேல மூணடி தூக்கிக் கட்டினது. கூரை வீட்டுக்காரங்க போகட்டும், நீ ஏன் அங்க போயி பாய விரிச்சுப் படுக்கணும்?" என்றான். பதினோரு வருட சிங்கப்பூர் அந்த வீட்டில்தான் இருந்தது. டைல்ஸ் போட்டாயிற்று, சன்னலுக்கு விரற்கடை கனத்தில் கம்பி போட்டாயிற்று. மாடிப்படி மட்டும் வைக்கவில்லை. அடுத்த முறை வரும்போது மாடியோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூண் கம்பிகளை மட்டும் மொட்டை மாடிக்கு மேலே நீட்டி விட்டிருந்தான்.

விடிவதற்குள் கடலும் மழையும் சேர்ந்து சன்னலுக்கு மேலே வந்துவிட்டன. யாமினி சன்னல் கம்பியைப் பிடித்து ஏறி, பிள்ளையைச் சன்ஷேடில் நிறுத்தி, அங்கிருந்து மொட்டை மாடிக்குத் தள்ளிவிட்டாள். அவளைத் தூக்கிவிட ஆளில்லை. இனியா தூண் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மறுநாள் மதியம் படகு வரும்வரை இருந்தாள். யாமினி மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் கிடைத்தாள். ஈர விறகு எரியாது என்று புதைத்துவிட்டார்கள். விமானம் பறக்கத் தொடங்கியதே அதற்கு அடுத்த நாள்தான்.

இப்போது போவதென்றால் வேலை பர்மிட்டை ரத்து செய்துதான் அனுப்புவோம் என்றது அலுவலகம். தடுப்பின் ரப்பர் விளிம்பை ஒட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மேற்பார்வையாளர் ரவூப் சிங்கப்பூர்க்காரர், இளகின மனசு. "டெஸ்ட் முடியட்டும் லா. ரெண்டு வாரம் லீவு, நானே உன்னை ஏர்போர்ட்ல விடறேன். பாஸ்கிட்ட பேசிட்டேன்" என்றிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் ஒன்பது நாள் ரப்பர் ஒட்டினான். அழுகை வரவில்லை. வராதது அவனுக்கே பயமாக இருந்தது.

சங்கு ஓய்ந்தது. பொறியாளர் சிவானி சிரித்த முகமாகச் சரிவில் இறங்கி வந்தாள்.

"முன்னாடி தடுப்பு ஒரு மீட்டர் உயரம் போதும்னு இருந்துச்சு அண்ணே. இப்ப கிளைமேட் சேஞ்ச், மழையெல்லாம் வேற மாதிரி பெய்யுது, கடலும் ஏறுது. அதான் முப்பது சென்டிமீட்டர் கூட்டியிருக்கோம்."

முத்துராமன் தலையாட்டினான். இனியாவின் உயரம் ஒரு மீட்டர் இருபது. தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் கவுன் எடுக்கும்போது கேட்டு வாங்கிய அளவு. இந்தத் தடுப்பு அவளைவிட நான்கு விரல் உயரம்.

பலகையை நிமிர்த்தினார்கள். வெளிப்புறம் மணல் மூட்டைகளால் தொட்டிபோலக் கட்டி, தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டார்கள். நீர் ஏறியது. உட்புறம் நிற்பவன் ரப்பர் விளிம்பில் டிஷ்யூ தாளை ஓட்டிக் காட்ட வேண்டும். தாள் நனைந்தால் தோல்வி. முத்துராமன் டிஷ்யூவோடு காத்திருந்தான். நீர் பலகையின் மேல்விளிம்புக்கு வந்தபோது அவன் போன் அடித்தது.

"எடு லா, ஒண்ணும் இல்ல" என்றார் ரவூப்.

சரசு வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். திரையில் இனியாவின் முகம். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பலகையின் தலைவரை நின்ற நீர் அங்கே தளும்பிக்கொண்டிருந்தது.

"அப்பா, தண்ணி."

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் சொல். "வராதுடா. உள்ள வராது. அப்பா நல்லா அடைச்சிருக்கேன், பாரு" என்று போனைத் திருப்பி ரப்பர் விளிம்பைக் காட்டினான்.

"உள்ள யாருப்பா இருக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் கார்கள் வரிசையாக நின்றன. சிலவற்றுக்குத் துணிப் போர்வை போர்த்தியிருந்தார்கள்.

"யாரும் இல்லடா. காரு."

"காரு மட்டுந்தானா?"

"ஆமாடா."

இனியா போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். "பேசிருச்சுண்ணே! பேசிருச்சு!" என்று சரசு அழுதாள். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

ரவூப்பின் போனுக்கும் அதற்குள் ஒரு செய்தி வந்திருந்தது. படித்துவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

"பக்கத்து பில்டிங்கும் நமக்கே குடுத்துட்டாங்களாம். பெரிய மழைக்கு முன்னாடி முடிக்கணுமாம். திங்கக்கிழமை ஆரம்பிக்கணும்னு பாஸ் சொல்றாரு." குரல் இறங்கியது. "ஜனவரில கண்டிப்பா அனுப்பிடலாம் லா."

முத்துராமன் தடுப்பின் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, டிஷ்யூ?" என்றாள் சிவானி.

மண்டியிட்டு, பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ரப்பர் விளிம்போடு தாளை ஓட்டினான். ஓரிடத்திலும் அவசரப்படவில்லை. எழுந்து தாளை நீட்டினான். காய்ந்திருந்தது. சிவானி கைதட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள். ரிப்போர்ட்டுக்குப் படம் வேண்டும், பின்னால் தண்ணீர் தெரிய வேண்டும் என்று அவனைத் தடுப்பை ஒட்டி நிறுத்தினார்கள். தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். அவன் உயர்த்திப் பிடித்தான்.