ஒரு வருடத் தண்ணீர்

குருலுவெவையில் ஒரு காலத்தில் "நந்தசிறி மாத்தயா சொன்னாராம்" என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். சுகாதாரப் பரிசோதகராகப் பதினெட்டு வருடம் அந்த ஊரை மோட்டார் சைக்கிளில் சுற்றியவர். டெங்கு வந்த வருடம் வீடு வீடாக ஏறித் தண்ணீர் தேங்கிய சிரட்டைகளைத் தன் கையாலேயே கவிழ்த்தவர். தடுப்பூசிக்குப் பயந்த தாய்மார் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளை நீட்டினார்கள்.

அந்த முகத்தை வைத்துத்தான் அவர் பொய் சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தோண்டிய குழாய்க்கிணற்றின் தண்ணீரை அவர்தான் பரிசோதனைக்கு அனுப்பினார். குடிக்கத் தகாதது என்று அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு சுகாதாரத் திணைக்களப் பணிப்பாளர் அபயரத்னவிடம் போனார்.

"குடிக்காதீங்கன்னு சொல்லிட்டு நாளைக்கு எதைக் குடுக்கப் போறீங்க நந்தசிறி? தண்ணி பவுசர் லொறி வச்சிருக்கீங்களா?" என்றார் அபயரத்ன. "வேற வழி வர்ற வரைக்கும் நல்ல தண்ணின்னே போர்டு போடுங்க. பிறகு பார்ப்போம்."

நந்தசிறி போர்டு எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். வேறு வழி வரப் பதினொரு வருடமானது. அதற்குள் ஊரில் பத்தொன்பது பேருக்குச் சிறுநீரகம் கெட்டு, ஆறு பேரைப் புதைத்தாகிவிட்டது. தண்ணீர்தான் காரணமா என்று டாக்டர்மார் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய அறிக்கையை ஒரு பத்திரிகை தேடியெடுத்துப் போட்ட பிறகு ஊர் வாதாடவில்லை.

அதன்பின் சுகாதாரத் திணைக்களம் எதைக் கொண்டுவந்தாலும் குருலுவெவை வாங்கவில்லை. பிரசவம் பார்க்க வரும் மருத்துவமாதுவின் சைக்கிளை வாய்க்காலில் தள்ளினார்கள். போலியோ சொட்டு மருந்து வந்த பெட்டியோடு திரும்பிப் போனது. இரத்தம் எடுக்க வந்தவர்களிடம், "எடுத்துட்டுப் போய் அதுலயும் நல்லதுன்னு எழுதுவீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். புதிதாகக் கட்டிய தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நிழலில் நாய்கள் படுத்திருந்தன. சனங்கள் குளத்துத் தண்ணீரை வடிகட்டிக் குடித்தார்கள்.

அபயரத்ன நந்தசிறியைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க எழுதின போர்டுதானே. நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்க."

பள்ளி மண்டபத்தில் கூட்டம். நந்தசிறி எழுந்து கும்பிட்டு ஆரம்பித்த வார்த்தையை முடிக்க விடாமல் குசுமாவதி எழுந்தாள். புருஷனை அந்த நோய்க்குக் கொடுத்தவள். மகள் சுரங்கிக்கு வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

"மன்னிப்பு வேணாம் மாத்தயா. அதைக் குடிச்சா தாகம் தீராது" என்றாள். வெளியே போய்ப் பழைய குழாய்க்கிணற்றின் பம்பை அடித்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "நாங்க பதினொரு வருஷம் குடிச்சோம். நீங்க ஒரு வருஷம் குடிங்க. தினம் காலைல வந்து எங்க முன்னால ரெண்டு குவளை. நீங்க குடிச்சா நாங்களும் உங்க புதுத் தண்ணியைக் குடிக்கிறோம்."

மண்டபம் கைதட்டியது. விவசாயச் சங்கத் தலைவர் முதியான்சே சத்தமாகக் கேட்டார்: "சீனி போடணுமா மாத்தயா?"

நந்தசிறி வெளியே வந்து அபயரத்னவுக்கு போன் செய்தார். குசுமாவதி கேட்டதைச் சொன்னார். அபயரத்ன, "ஒரு வருஷம்தானே நந்தசிறி. மாசாமாசம் இரத்தம் செக் பண்ணிக்கலாம்."

"எழுத்துல தாங்க சேர்."

"இதையெல்லாம் எழுத்துல கேப்பாங்களா?"

அவர் உள்ளே போய்ச் செம்பை எடுத்தார். சுண்ணாம்பு வாடை அடித்தது. குடித்தார்.

முதல் மாதம் பார்க்கக் கூட்டம் வந்தது. பிறகு ஊர் முறை வைத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குவளையின் அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்தால், "அதையும் மாத்தயா" என்பார்கள். குசுமாவதி மட்டும் தினமும் வந்தாள். அவள்தான் பம்பை அடித்துத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள். வேறு யாரையும் தொட விட மாட்டாள்.

சொன்ன சொல்லை ஊர் காப்பாற்றியது. சுத்திகரிப்பு நிலையத்தின் முன்னால் கேன்கள் வரிசை கட்டின. அபயரத்ன வரிசையைப் படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினார். மருத்துவமாது திரும்பி வந்தாள், சொட்டு மருந்து வந்தது, சனங்கள் இரத்தம் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்ததில் ஏழு பேருக்கு நோய் ஆரம்பத்திலேயே தெரிந்தது.

நான்காம் மாதம் நந்தசிறியின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருப்பதாக எழுதியிருந்தது. அவர் அந்தத் தாளை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆய்வுகூடத்துக்கே போய் அங்கிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"இது உண்மையா மகள்?"

அவள் சிரித்தாள். "நம்ம திணைக்களத்து ரிப்போர்ட்தானே சேர். நீங்களே நம்பலேன்னா எப்படி?"

அவரால் நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து கால் வீங்கியிருக்கிறதா என்று காலையில் விரலால் அழுத்திப் பார்த்தார். மனைவி சந்திரலதா, "விட்டுட்டு வந்துடுங்க" என்று அழுதாள். விட்டால் வரிசை கலைந்துவிடும் என்றார். அது பாதிதான் உண்மை. குசுமாவதிக்கு முன்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எட்டாம் மாதம் சுரங்கி செத்தாள். இருபத்திரண்டு வயது. நந்தசிறி சவ அடக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. மறுநாள் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். வெள்ளைச் சேலையோடு குசுமாவதி பம்பை அடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, இன்னைக்குமா?"

"எனக்குத்தான் வீட்ல வேலை இல்லையே" என்று குவளையை நீட்டினாள்.

பதினோராம் மாத முடிவில் அமைச்சர் வருகிறார் என்று செய்தி வந்தது. மக்கள் நம்பிக்கையை வென்ற முன்மாதிரி நிலையம் என்று அபயரத்னவுக்கு விருது. குடிக்கக்கூடாது என்று பிற்பாடு சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்த கிணறு அமைச்சரின் கண்ணில் படக்கூடாது என்று அதைக் கான்கிரீட்டால் மூடச் சொல்லிவிட்டார்.

"இன்னும் முப்பது நாள் இருக்கே" என்றாள் குசுமாவதி. மூடுவதற்கு முதல் நாள் இரண்டு பெரிய கேன்களை நிரப்பி நந்தசிறியின் வீட்டு வாசலில் இறக்கினாள்.

"யார் பார்க்க வருவாங்க?" என்று கேட்டார் அவர்.

"யாரும் வரமாட்டோம். முன்ன நீங்க சொன்னதை நாங்க பார்த்தா நம்பினோம்? முடிஞ்சதும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

அவர் ஒன்பது நாள் குடித்தார். பத்தாம் நாள் காலையில் குவளையை வாய்வரை கொண்டுபோனவர், கேன்களைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் இரண்டையும் வாழை மரத்தடியில் கவிழ்த்தார். சந்திரலதா ஜன்னலில் நின்று பார்த்தாள்.

முப்பதாம் நாள் குருலுவெவைக்குப் போனார். குசுமாவதி சுத்திகரிப்பு நிலைய வரிசையில் கேனோடு நின்றாள். முன்னும் பின்னும் நாற்பது பேர். எல்லோரும் திரும்பினார்கள்.

"குடிச்சு முடிச்சீங்களா மாத்தயா?"

"முடிச்சேன் தங்கச்சி."

முதியான்சே தொப்பியைக் கழற்றினார். யாரோ ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் இடத்துக்கு முன்னால் நிற்கச் சொல்லி ஒருவன் அவருக்கு வழிவிட்டான்.

குசுமாவதி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, நம்புறேன்" என்று சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் கேனைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.