கடைசித் தையல்

மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த ஆவுடைத்தங்கம் விழித்தபோது, அவளைக் கழுத்துவரை பாய்மரத் துணிக்குள் வைத்துத் தைத்திருந்தார்கள். கடல் வாசற்படி வரை வந்து நின்றது. தூத்துக்குடியில் அன்று நல்ல வெயில்.

தைத்தவர், கப்பலில் செத்தவர்களைத் துணிக்குள் வைத்துத் தைத்துக் கடலில் விடும் தையல்காரர். கால்மாட்டில் கனத்துக்கு அவளுடைய அம்மிக்குழவியையே உள்ளே வைத்திருந்தார். அவளுக்கு முதலில் வந்தது அந்தக் கோபம்தான்.

“ராத்திரி சட்னிக்கு நான் எங்க போக?”

“முன்னெல்லாம் பீரங்கிக் குண்டு வைப்போம்மா. இப்பம் எங்க கிடைக்கி.”

“நான் உசுரோடல்லா இருக்கேன்.”

“இருக்கலாம். அதுக்குத்தான் கடைசித் தையல மூக்குல போடுதோம். உசுரு இருந்தா கத்துவாங்க, பிரிச்சு விட்டுருவோம். கத்தலன்னா கடல்தான்.”

நல்ல ஏற்பாடு என்றே அவளுக்குப் பட்டது. கத்துவதில் அந்தத் தெருவில் அவளுக்குப் போட்டியே கிடையாது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தையல்காரர் துணியின் ஓரத்தை மூக்கோடு சேர்த்து ஊசியைக் குத்தினார். வலிக்கவே இல்லை. பாழாய்ப்போன ஊசி மூக்குத்தி ஓட்டை வழியாகப் போயிருந்தது. மூக்குத்தியைத் தூக்கத்திலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். சுதாரித்து அவள் கத்தினாள்.

“பிந்திட்டீங்க,” என்றார் தையல்காரர்.

“இது எட்டு வயசுல குத்துன ஓட்டை. அந்தப் பக்கம் குத்துங்க, கத்துதேன்.”

“ஒரு தையல்தாம்மா. பேச்செல்லாம் செல்லாது. ஒருத்தர் தண்ணிக்குள்ள போற வரைக்கும் பேசிக்கிட்டேதான் போனாரு.”

“எங்க வீட்டுக்காரர்ட்ட கேளுங்க.”

கணவர் பால்வண்ணம் அவளைக் கிடத்தியிருந்த பலகையின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கப்பல் வேலையை விட்டு வந்த நாளிலிருந்து தினமும் அவள் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

தையல்காரரும் நியாயஸ்தர்தான். “அண்ணாச்சி, மயினி மூக்குத்தி போட்டிருந்தாங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இந்தத் தையல் செல்லாது.”

பால்வண்ணம் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் வேறு.

“தெரியலையே,” என்றார். “கவனிச்சதில்ல.”

ஆவுடைத்தங்கம் வாயைத் திறந்தாள். இவ்வளவு நேரம் வாய் ஓயாதவளுக்கு ஒரு சொல்கூட வரவில்லை.

“பாத்தீங்களா,” என்று தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “சத்தமே இல்ல.”

பலகையைத் தூக்கப்போன பால்வண்ணம் சட்டென்று நின்றார். கால்மாட்டுக்குப் போய்த் துணியைத் தடவிப் பார்த்தார்.

“இது எங்க வீட்டுக் குழவியாச்சே,” என்றார். “ஓரத்துல சின்னதா ஒரு உடைசல் இருக்கும்.”

தையல்காரர் கால்மாட்டை மட்டும் பிரித்து, குழவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி தைத்தார்.