குடல் சுவரில் குடியிருப்பவை

என் கணவன் ஸுஹைல் வாங்கி வந்த, கோதுமை மாவில் சுட்ட பாண் மேசையில் இருந்தது. நாளைக் காலையிலிருந்து நான் அதைத் தினமும் சாப்பிட வேண்டும், கிழமைக்கணக்கில்.

கோதுமை என் குடலைப் புண்ணாக்குகிறது என்ற சந்தேகம் இரத்தப் பரிசோதனையில் வந்தது. உறுதிசெய்யக் குடலின் உட்சுவரிலிருந்து சிறு துண்டு எடுக்க வேண்டும். அதுவரை பாணை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் புண் ஆறிச் சோதனையில் தெரியாமல் போகும் என்று டொக்டர் வாகினி சொல்லியிருந்தார். இடையில் நோன்பு வந்தது. பள்ளிவாசல் கஞ்சியில் நோன்பு திறந்தேன். விடியுமுன் உண்ணும் சஹருக்கு ஸுஹைலின் உம்மா, என் மாமி, சிவப்பரிசி மாவில் பிட்டு அவித்தார். அயலிலிருந்து வந்த கோதுமை மா ரோல்ஸையும் சமோசாவையும் என் கண்ணில் படாமல் ஒதுக்கினார்.

"டொக்டர் என்னயும் செல்லட்டும் மகள். நோன்பு வயித்துல நஞ்சப் போட ஏலாது."

பெருநாள் முடிந்து ஆறு நோன்பு பிடித்தபோதும் அப்படியே. நானும் மறுக்கவில்லை. வயிறு என்று ஒன்று இருப்பதையே மறந்து தொழ முடிந்தது.

அதனால் துண்டு எடுத்தபோது குடல் அநேகமாகத் தேறியிருந்தது.

"பாணை விட்டிட்டீங்களோ, ஜெஸீமா?" டொக்டர் சிரித்தபடிதான் கேட்டார். "இனித் திரும்பச் சாப்பிட்டுத்தான் பாக்க வேணும். அந்தத் துண்டில இன்னொரு சோதனையும் செய்விக்கிறன். ஆனா அதை நம்பி இருக்காதேங்கோ."

வலியை விட எனக்கு வேறொரு பயம். பாணைத் தின்றும் ஒன்றும் நடக்காவிட்டால்? வயிற்றுவலியில் விருந்துகளில் பாதியில் எழுந்து போனதெல்லாம் என் மனம் கட்டிய கதையா? "ஒனக்கு எல்லாம் நெனப்புதான்" என்று தங்கை சொல்வாள். கொஞ்ச நாளாக அதை நானே எனக்குச் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

அஸர் தொழுது எழும்பியபோது டொக்டரின் அழைப்பு வந்தது.

"பாண் தொடங்கிட்டீங்களோ?"

"நாளைக்குத்தான் டொக்டர்."

"தொடங்காதேங்கோ."

நோயை எதிர்க்கும் உயிரணுக்களில் காமா டெல்டா டி கலங்கள் என்று ஒரு வகை இருக்கிறதாம். மற்ற டி கலங்களில் பல இரத்தத்தோடு சுற்றி வரும். இவை குடல் சுவரின் கலங்களுக்கு இடையிலேயே குடியிருக்கும். கோதுமையால் அடிபட்ட குடலில் இவை பெருகும். புண் ஆறினாலும் பெரும்பாலும் குறையாது.

"உங்கட துண்டில நிறைய இருக்கு. இரத்தச் சோதனையோட சேத்துப் பாக்க, கோதுமைதான் எண்டு சொல்ல எனக்கு இது போதும்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். என்னை நானே நம்பாத நாட்களிலும் அவை உள்ளே இருந்திருக்கின்றன. ஒருவரிடமும் எதையும் நிரூபிக்கும் எண்ணமில்லாமல், சும்மா இருந்திருக்கின்றன. அதை நினைக்க ஒருவிதமான நிம்மதி வந்தது.

மாமி குசினியிலிருந்து வந்தார். சொன்னேன்.

"அப்ப நான் தந்த பிட்டு பிழையா, சரியா?"

"சோதனைக்குப் பிழை மாமி. எனக்குச் சரி."

"ஹயாத்துள்ள காலமெல்லாம் பாண் இல்லையா?"

"ரொட்டியும் இல்ல, கொத்து ரொட்டியும் இல்ல."

மாமி தாடையில் கை வைத்தார். "பொண்ணு பாக்க வந்த நேரம் சமைக்கத் தெரியுமா எண்டுதான் கேட்டேன். கொடலுக்குள்ள யாரெல்லாம் ஈக்கிறாங்க எண்டு கேக்கல்ல."

"இப்ப இந்தப் பாண யாரு தின்ற?" என்றான் ஸுஹைல்.

"வாங்கினவரு தின்னட்டும்" என்றேன்.

மாமி அலுமாரியிலிருந்து புதுச் சட்டி ஒன்றை எடுத்தார். கோதுமை மா பட்ட கையால் இதை யாரும் தொடக்கூடாது என்று ஸுஹைலுக்குச் சட்டம் சொல்லத் தொடங்கினார்.