எண்ணூற்றுப் பன்னிரண்டாவது படம்

1

"காப்பி பண்ணச் சொன்னா ஏண்டா மூவ் பண்ணினே?"

"காப்பி பண்ணா இடத்தை அடைக்கும்க்கா."

"இப்ப எவ்வளவு இடம் இருக்கு?"

"நிறைய இருக்கு."

இந்த நாலு வரியும் என் கற்பனை இல்லை. துணி காயப்போட மாடிக்குப் போகும் வழியில், மேல்வீட்டுக் கதவிடுக்கில் கிடைத்தவை. காய்ந்த துணியையே மறுபடி எடுத்துப்போய்க் காயப்போட்டு, மீதியையும் கேட்டுக்கொண்டேன். கதை பிறந்தது அங்கேதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மனித நினைவு என்பது ஒரு மாபெரும்...'

வேண்டாம். அடித்துவிட்டேன், அடித்தது உங்களுக்கும் தெரியட்டும்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று வாரம். தம்பிக்குத் தெருவில் 'கட்டளை' என்று பெயர். கணினியில் மவுஸைத் தொடுவதே கைப்பிள்ளைகளின் வேலை என்பது அவன் எண்ணம். கறுப்புத் திரையைத் திறந்து, எல்லாவற்றையும் தட்டச்சில்தான் ஏவுவான். ஒரு படத்தைப் பார்ப்பதற்கும் இரண்டு வரி எழுதுவான்.

3

ஞாயிறு காலை. படம் எடுத்தவள் பென்டிரைவில் கொடுத்த எண்ணூற்றுப் பன்னிரண்டு கல்யாணப் படங்களையும் 'கல்யாணம்' என்ற ஃபோல்டருக்கு ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லிக் கட்டளை எழுதினான். அந்த ஃபோல்டரை உருவாக்கத்தான் மறந்துபோனான்.

ஃபோல்டர் இல்லாததால், கணினி முதல் படத்துக்கே 'கல்யாணம்' என்று பெயர் வைத்தது. இரண்டாவது வந்ததும், 'ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அதன்மேல் எழுதவா?' என்று மரியாதையாகக் கேட்டது.

கட்டளைக்குச் சுருக்கென்றது. (அவனைக் கேள்வி கேட்டால் பிடிக்காது. 'எங்கே கிளம்பிட்டே?' என்று படியில் ஒருமுறை கேட்டதற்கு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. சரி, ஐந்தாறு முறை கேட்டிருப்பேன்.) நிறுத்திவிட்டு, 'கேள்வி கேட்காமல் செய்' என்பதற்கான எழுத்தையும் சேர்த்து மறுபடி ஓடவிட்டான்.

ஒரே நாற்காலியில் எண்ணூறு பேரை வரிசையாக உட்காரச் சொன்ன மாதிரி. ஒருவர் உட்கார்ந்ததும் முன்னவர் மாயம். கடைசியாக உட்கார்ந்தவர் மட்டும் மிச்சம்.

(மீட்டுவிடலாமே என்பவர்களுக்கு: முயன்றார்கள். ஒரு காதும், யாருடையதென்று தெரியாத ஒரு முழங்கையும் மீண்டன. படம் எடுத்தவளோ அடுத்த கல்யாணத்துக்காகக் கேமராவில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டாள்.)

4

படம் பார்க்க நாலு மணிக்கு அக்காவின் மாமியார் வந்தார். ஒரே படத்தைக் காட்டினார்கள்.

காலியான மண்டபம். நடுவில் ஒரு நாற்காலி. அதில் மாமியார், கைப்பையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம். அவருக்குப் பின்னால், கொஞ்சம் கலங்கலாக, பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து, அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மத்ததெல்லாம் எங்கே தம்பி?"

"போயிடுச்சு அத்தை."

"எண்ணூறு படத்தை அழிச்சவனுக்கு இந்த ஒண்ணை அழிக்கத் தெரியலையா? அழி."

"அழிச்சுத்தான் பாரேன்டா!" அக்கா எழுந்துவிட்டாள். "எனக்குக் கல்யாணம் ஆனதுக்கு இருக்கிற ஒரே சாட்சி இது, அத்தை."

"நான் வாயைப் பொளந்துட்டுத் தூங்கினதுக்கும் இதுதாம்மா சாட்சி."

கட்டளையின் காதுமடல் சுட்டது. அக்கா முகத்தைப் பார்த்தால் தலை குனிந்தது. மாமியார் முகத்தைப் பார்த்தால் இன்னும் குனிந்தது. குனிந்த இடத்தில் கீபோர்டு இருந்தது. அழிக்கும் கட்டளையை எழுதினான். வாழ்நாளில் முதல்முறையாக, 'கேட்டுவிட்டுச் செய்' என்பதற்கான எழுத்தையும் சேர்த்தான்.

திரை கேட்டது: அழிக்கவா?

5

முடிவு ஒன்று: ஆம் என்று அழுத்தினான். (அக்காவை இப்படி அழவைக்க எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: அதற்கு முன்பே சத்தமில்லாமல் ஒரு நகல் எடுத்துவைத்திருந்தான். (இவனா? நம்பக் கஷ்டம்தான். ஆனால் காலையில் பட்டது சாயங்காலத்துக்குள் உறைக்காமலா இருக்கும்?)

உண்மையில் நடந்தது: அந்த நேரம் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போய், போய், கடைசியில் கட்டளை படம் எடுத்தவளையே கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணப் படங்களுக்கு மூன்று நகல், மூன்றும் அவளிடம். அக்காவும் மாப்பிள்ளையும் மாமியாரோடு இங்கே வந்து சொல்லிக்கொண்டு, வேறு ஊருக்குக் குடிபோனார்கள். சாமான் எல்லாம் பின்னால் லாரியில். துண்டு சுற்றிய, தட்டையான, சதுரமான ஏதோ ஒன்று மட்டும் காரில், மாமியார் மடியில்.

கார் இன்னும் கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இறங்கியிருக்கிறது; நான் வழியனுப்புகிற சாக்கில் பக்கத்திலேயே நிற்கிறேன்.

துண்டை விலக்கிப் பார்க்கவா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்றை அழுத்துங்கள். கேட்டதற்காக நீங்களும் என்னோடு பேசாமல் இருந்துவிடாதீர்கள்.